படத்தொகுப்பு மேசையில் ஒரு கொலை: ராக் படங்கள் குறித்து

ராக் இசைப் படங்களில் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று கேட்டால் நம்மில் பலரும் பாட்டை வைத்துத்தான் பதில் சொல்கிறோம். பாட்டு பிடித்திருந்தால் படமும் பிடித்துவிடுகிறது. படம் என்கிற பிரதி அந்த இடத்தில் காணாமல் போய்விடுகிறது. பாட்டு கேட்க இசைத்தட்டு போதுமே, படம் எதற்கு? மேடையில் நிற்பவனின் உடலையும் கீழே நிற்கிறவர்களின் உடல்களையும் ஒருசேரக் காட்டவும், ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கவும் காமிராவுக்குத்தான் தெம்பு இருக்கிறது. எதை வைப்பது, எதை வெட்டுவது என்கிற அதிகாரம் படத்தொகுப்பு மேசையில் இருக்கிறது. ஆகவே ராக் படம் பற்றிய பேச்சு அந்த மேசையைப் பற்றிய பேச்சாக மாறித்தான் ஆகவேண்டும். கடைசிவரை ஒளித்துவைக்க இது துப்பறியும் கதையில்லை என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த ராக் படம் 'கிம்மி ஷெல்டர்' (1970). கொஞ்சமும் பிடிக்காதது 'பொஹீமியன் ராப்சடி' (2018).

பின்னதை முதலில் முடித்துவிடலாம். க்வீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் கதை. உலகம் முழுக்க 90 கோடி டாலர் வசூல், நான்கு ஆஸ்கார். அந்த நான்கில் ஒன்று படத்தொகுப்புக்கு! குழுவினர் தங்கள் வருங்கால மானேஜரைச் சந்திக்கும் காட்சியில், மேசையைச் சுற்றி சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற நான்கைந்து முகங்களுக்கு நடுவே படம் ஈ மாதிரி தத்தித் தத்தி அலைகிறது. இதற்கு விருது. சரி, அது தொழில்நுட்பச் சமாச்சாரம், போகட்டும். எனக்குப் பிரச்சினை இந்தப் படம் காலத்தைத் தொகுத்திருக்கிற விதம்.

ஃப்ரெடி 1946இல் சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் ஃபரோக் புல்சாராவாகப் பிறந்தவர். பம்பாய் மாகாணத்துப் பஞ்சகனியில் விடுதியில் தங்கிப் படித்தவர். 1964 சான்சிபார் புரட்சியை அடுத்துக் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போனவர். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது 1987 வாக்கில் உறுதியானது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட தகவல். படத்திலோ 1985 ஜூலை 13 அன்று நடந்த லைவ் எய்ட் கச்சேரிக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒத்திகையின்போது தோழர்களிடம் சொல்கிறார், எல்லோரும் கட்டிக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் அவர் தனி ஆல்பம் போடப் போனதால் குழுவே உடைந்துபோனதாக வேறு காட்டுகிறார்கள். அந்தக் குழு 1985 மே மாதம் வரை ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருந்தது. ட்ரம்மர் ரோஜர் டெய்லர் 1981லேயே தனி ஆல்பம் போட்டாயிற்று.

கதைப்படம்தானே, தேதி முன்னே பின்னே இருந்தால் என்ன குடி முழுகிப் போச்சு என்று கேட்பார்கள். தேதி நகர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது எந்தக் கருத்தியலின் வசதிக்காக நகர்கிறது என்பதைத்தான் கேட்கிறேன். படத்தின் வரிசையைப் பாருங்கள். மனைவி மக்களோடு வாழும் ஒழுங்கான தோழர்களைவிட்டு ஒருவன் விலகுகிறான். மியூனிக்கில் சிவப்பு வெளிச்சத்தில் தோலுடை போட்ட ஆண்களோடு அலைகிறான். நோய் வருகிறது. திரும்பிவந்து மன்னிப்புக் கேட்கிறான். அப்பா அணைத்துக்கொள்கிறார். மேடை ஏறுகிறான். ஊதாரி மகன் கதையேதான். ஓரினச் சேர்க்கை வழிதவறலாகவும், நோய் தண்டனையாகவும், கச்சேரி பாவமன்னிப்பாகவும் அடுக்கப்படுகின்றன. நோயை இரண்டு வருடம் முன்னால் இழுத்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். ஓரினச் சேர்க்கையாளர் உலகம் முழுவதையும் பால் ப்ரெண்டர் என்கிற ஒரே உதவியாளரின் மேல் ஏற்றி, அவரை ஏதேன் தோட்டத்துப் பாம்பாக ஆக்கிவிட்டார்கள். அவர் பின்னாளில் பத்திரிகைக்குக் கதை விற்றவர் என்பது உண்மைதான். அதற்காக ஒரு சமூகத்தின் இரவு வாழ்க்கை முழுவதற்கும் அவர் முகத்தையா ஒட்டுவது? படத்தின் இசைப் பொறுப்பில் இருந்தவர்கள் குழுவின் ப்ரையன் மேயும் ரோஜர் டெய்லரும். 1991 நவம்பர் 24 அன்று செத்துப்போனவர் எழுந்துவந்து எதிர்வழக்காட முடியாது. சீனாவில் 2019இல் திரையிட்டபோது, மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச ஓரினச் சேர்க்கைக் காட்சிகளையும் வெட்டினார்கள். தணிக்கைக்காரன் கத்திக்கு அதிகம் வேலை இல்லாதபடி படமே முக்கால்வாசி வேலையை முடித்துவைத்திருந்தது.

இதைவிடப் பெரிய மௌனம் ஒன்று இருக்கிறது. லைவ் எய்ட் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக நடந்த கச்சேரி. அதற்கு ஒன்பது மாதம் முன்னால், 1984 அக்டோபரில், க்வீன் குழு தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் வாசித்தது. நிறவெறி அரசு பொம்மை நாடாக உருவாக்கிவைத்திருந்த போபுத்தட்ஸ்வானாவின் உல்லாச விடுதி அது. அந்த அரசைக் கலாச்சாரரீதியாகப் புறக்கணிக்கும்படி ஐ.நா. கேட்டிருந்த காலம். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் இதற்காகக் குழுவுக்கு அபராதம் விதித்தது. படத்தில் இது பற்றி மூச்சு விடவில்லை. ஆப்பிரிக்காவில் பிறந்த ஒருவன் ஆப்பிரிக்கர்களை ஒதுக்கிய மேடையில் பாடிவிட்டு, ஒன்பது மாதம் கழித்து ஆப்பிரிக்கப் பசிக்காக வெம்பிளியில் பாடுகிறான். இதில் ஒரு முழுப் படத்துக்கான முரண் இருக்கிறது. இவர்கள் எடுத்ததோ வெம்பிளியின் பிரதிபிம்பம். இருபது நிமிடம் அசலை அச்சு அசலாக மறுபடி எடுத்திருக்கிறார்கள். அசல் ஒளிப்பதிவு கையில் இருக்கும்போது நகலுக்கு இவ்வளவு உழைப்பு ஏன்? நகலில் வரலாறு கிடையாது, அதனால்தான்.

'உட்ஸ்டாக்' (1970) வேறு மாதிரி. மைக்கேல் வாட்லி இயக்கியது. தொகுத்தவர்களில் தெல்மா ஷூன்மேக்கரும் மார்ட்டின் ஸ்கார்செஸியும் உண்டு. 1969 ஆகஸ்ட் நடுவில் நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் கிராமத்தில், ஒரு பால்பண்ணைக்காரரின் நிலத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். திரையை இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்து பாடுகிறவரையும் கேட்கிறவர்களையும் பக்கம் பக்கமாக வைத்தார்கள். கூட்டம் என்பதைக் காமிரா இத்தனை பிரியத்தோடு பார்த்த படங்கள் குறைவு. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இசையே இல்லாத ஒரு காட்சியில்.

ஒரு நடுத்தர வயதுக்காரர் வாடகைக் கக்கூஸ்களைக் கழுவிக்கொண்டிருக்கிறார். குழாயால் உறிஞ்சி எடுக்கிறார், பிரஷ் போட்டுத் தேய்க்கிறார், புதுக் காகிதம் வைக்கிறார். முகத்தில் அலுப்பே இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குச் செய்வதில் சந்தோஷம் என்கிறார். ஒரு மகன் இந்தக் கூட்டத்தில்தான் எங்கோ இருக்கிறானாம். இன்னொரு மகன் வியட்நாமில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறானாம். அவ்வளவுதான், அடுத்த கக்கூஸுக்குப் போய்விடுகிறார். யுத்தம், அதன் எதிர்ப்பு, இரண்டுக்கும் நடுவே மலம் அள்ளுகிற தகப்பன் என்று அமெரிக்காவின் 1969 முழுவதும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் இருக்கிறது. 'எதிர்க்கலாச்சாரம்' என்று நம்முடைய பத்திரிகைகளிலும் ஒருகாலத்தில் நிறைய எழுதினோம். பந்தியில் உட்கார்ந்தவர்களைப் பற்றித்தான் எழுதினோம். எச்சிலிலை எடுத்தவரைப் பற்றி யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

கதை அதோடு முடியவில்லை. அந்த மனிதர் படக்காரர்கள்மீது வழக்குப் போட்டார். வேலை செய்துகொண்டிருந்தவனைப் பிடித்துப் பேச்சுக் கொடுத்து, சம்மதம் இல்லாமல் படத்தில் சேர்த்து, கேலிப்பொருளாக்கிவிட்டார்கள் என்பது அவர் புகார். விசாரணையே தேவையில்லை என்று கீழ்நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1973இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படித் தள்ள முடியாது, விசாரிக்க வேண்டும் என்றது. நாம் 'மனிதநேயம்' என்று உருகிய காட்சியில் சம்பந்தப்பட்டவர் உணர்ந்தது அவமானம். தொகுப்பு மேசை அவரை எங்கே வைத்தது, அரங்கத்தில் இருந்தவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. விளிம்புநிலை மனிதரைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்தாலே பிரதி புரட்சிகரமாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்த வழக்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காட்சியின்மீது எனக்குள்ள பிரியம் இதனால் குறையவில்லை. நிம்மதிதான் போய்விட்டது.

இப்போது 'கிம்மி ஷெல்டர்'. ஆல்பர்ட் மேய்சல்ஸ், டேவிட் மேய்சல்ஸ் சகோதரர்களும் சார்லட் ஸ்வெரினும் சேர்ந்து எடுத்தது. உட்ஸ்டாக் முடிந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. 1969 டிசம்பர் 6. கலிபோர்னியாவில் ஆல்டமான்ட் என்கிற கார்ப் பந்தய மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் இலவசக் கச்சேரி. சுமார் மூன்று லட்சம் பேர். இடம் கடைசி நேரத்தில் மாறியதால், மேட்டு நிலத்துக்காகத் திட்டமிட்ட குள்ள மேடையைப் பள்ளத்தில் கொண்டுவந்து போட்டார்கள். கூட்டம் மேடையை இடித்துக்கொண்டு நின்றது. மேடையைக் காக்கும் வேலை ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார்சைக்கிள் கும்பலிடம். கூலி 500 டாலர் மதிப்புள்ள பீர் என்பது பரவலாகச் சொல்லப்படுகிற கணக்கு. அவர்கள் பில்லியர்ட்ஸ் கோல்களால் கூட்டத்தை அடிக்கிறார்கள். ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் மார்ட்டி பாலின் தடுக்கப்போய் அடிவாங்கி மயங்கி விழுகிறார். இருட்டிய பிறகு, ஸ்டோன்ஸ் பாடிக்கொண்டிருக்கும்போதே, மேடைக்கு எதிரில் மெரிடித் ஹண்டர் என்கிற 18 வயதுக் கறுப்பின இளைஞன் குத்திக் கொல்லப்படுகிறான். அவன் கையில் துப்பாக்கி இருந்தது. குத்தியவனை 1971 ஜனவரியில் தற்காப்பு என்று நீதிமன்றம் விடுதலை செய்தது. ஜூரிகள் பார்த்த சாட்சியங்களில் இந்தப் படத்தின் காட்சியும் ஒன்று.

படத்தின் அமைப்பைக் கவனியுங்கள். கொலை நடந்தது என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. மிக் ஜாகரும் சார்லி வாட்ஸும் தொகுப்பு அறையில் சின்னத் திரை முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைய வானொலிப் பேச்சைக் கேட்கிறார்கள், படச்சுருளைப் பார்க்கிறார்கள். பாட்டுகள், பேரங்கள், வக்கீல் அலுவலகத்துத் தொலைபேசிகள் எல்லாம் இந்த அறையிலிருந்து பின்னோக்கிப் போகும் நினைவுகளாகின்றன. ஆகவே எந்தப் பாட்டையும் நாம் கவலையில்லாமல் கேட்க முடிவதில்லை. கடைசியில் அந்தக் காட்சி வருகிறது. ஜாகர் மறுபடி ஓட்டச் சொல்கிறார். டேவிட் மேய்சல்ஸ் மெதுவாக ஓட்டுகிறார், நிறுத்துகிறார்: இதோ துப்பாக்கி, இதோ கத்தி. பச்சைநிறச் சூட்டில் ஒரு பையன். சில நொடிகள். ஜாகர் எழுந்துபோகிறார், அவர் முகம் திரையில் உறைகிறது.

பாலின் கேல் 'தி நியூயார்க்கர்' இதழில் இந்தப் படத்தைக் கிழித்தெடுத்தார். படம் எடுப்பதற்காகவே ஏற்பாடு செய்ததை எதேச்சையாக நடந்ததுபோலக் காட்டுகிறார்கள், தங்கள் பொறுப்பை மறைக்கிறார்கள் என்பது அவர் வாதம். இயக்குநர்கள் மறுத்தார்கள். கேலின் கேள்வியை நான் ஒதுக்கமாட்டேன். காமிரா அங்கே விருந்தாளியாகப் போகவில்லை. அந்த இலவசக் கச்சேரியின் பலன்களில் ஒன்று இந்தப் படம். ஆனாலும் தன் தொகுப்பு மேசையைத் தானே காட்டி, பார்க்கிறவனைக் குற்றம் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்த ராக் படம் இதற்கு முன் இருந்ததாகத் தெரியவில்லை. 'பொஹீமியன் ராப்சடி' ஒளித்து வைத்திருப்பது எதையோ, அதை இது நடுக்கூடத்தில் போட்டுவைத்திருக்கிறது. எனக்கு இது பிடிப்பதற்குக் காரணம் அதுதான்.

பிடிக்கிறது என்று சொல்லும்போதே உறுத்தவும் செய்கிறது. ஒருவன் சாவதை நான் ஆறேழு முறை பார்த்திருக்கிறேன், அதுவும் மெதுவாக ஓட்டி. மெரிடித் ஹண்டர் எந்தத் தெருவில் வளர்ந்தான், வீட்டில் யார் யார் என்று படத்தில் ஒன்றும் இல்லை. அவன் ஒரு நிழலுருவம். துக்கப்பட்ட முகம் ஜாகருடையது. வெள்ளை நட்சத்திரத்தின் மனசாட்சிக்கு உரைகல்லாகக் கறுப்பு உடல் பயன்பட்டிருக்கிறது என்று ஒருவர் வாசித்தால் என்னால் மறுக்க முடியாது. 2006இல் சாம் க்ரீன் ஒரு குறும்படம் எடுத்தார். ஹண்டர் புதைக்கப்பட்ட இடத்தின் எண்தான் அதன் தலைப்பு. வலேஹோ நகரின் கல்லறைத் தோட்டத்தில் அவனுக்குப் பெயர் பொறித்த கல்லே இல்லை என்பதை அந்தப் படம் காட்டியது. பிறகு நன்கொடையில் கல் வைத்தார்கள். 'கிம்மி ஷெல்டர்' பார்க்கிறவர்கள் அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஸ்கார்செஸியின் 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' (1978) அழகான படம், அந்த அழகில்தான் சிக்கல். 'தி பேண்ட்' குழுவின் 1976 விடைபெறு கச்சேரி. படத்தின் தயாரிப்பாளர் குழுவின் கித்தார்க்காரர் ராபி ராபர்ட்சன். காமிராவும் அவரை விட்டு நகர மனமில்லாமல் தவிக்கிறது. ட்ரம்மர் லெவன் ஹெல்ம் 1993இல் வெளியான தன்வரலாற்றில் இதைக் கசப்போடு எழுதியிருக்கிறார். மடி வாட்டர்ஸ் பாடும் இடம் மட்டும் வேறு தளம். மற்ற காமிராக்கள் நின்றுபோன நேரத்தில் ஒரு காமிரா மட்டும் ஓடிக்கொண்டிருந்ததால் தப்பிய காட்சி அது. இந்த இசை யாரிடமிருந்து வந்தது என்பது விபத்தாகத்தான் பதிவாகியிருக்கிறது! ஜோனதன் டெம்மியின் 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' (1984) எனக்குப் பிடிக்கும். டேவிட் பைர்ன் ஒரு டேப்ரிக்கார்டரோடு காலி மேடைக்கு வருகிறார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொருவராகச் சேர, கறுப்புடை போட்ட மேடைத் தொழிலாளர்கள் நம் கண்ணெதிரிலேயே ட்ரம் மேடையைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். உழைப்பை மறைக்காத மேடை. ஆலிவர் ஸ்டோனின் 'தி டோர்ஸ்' (1991) பற்றிப் பேசத் தெம்பில்லை.

கடைசியாக 'சம்மர் ஆஃப் சோல்' (2021). இது ராக் படமா, சோல் இசை அல்லவா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஸ்லை ஸ்டோன் உட்ஸ்டாக்கில் பாடினால் ராக், அதே வருடம் ஹார்லெமில் பாடினால் சோல் என்று பெயர் மாறுகிறதென்றால், வகைமை என்பது இசைக்குள் இல்லை, கேட்கிறவன் தோலில் இருக்கிறது. 1969 கோடையில் ஹார்லெமின் மவுண்ட் மோரிஸ் பூங்காவில் ஞாயிறுதோறும் இலவசக் கச்சேரிகள். மொத்தம் சுமார் மூன்று லட்சம் பேர். ஹால் டல்சின் 40 மணி நேரம்போலப் பதிவு செய்தார். ஒருசில பகுதிகள் அப்போதே தொலைக்காட்சியில் வந்தன. படமாக்க யாரும் பணம் போட முன்வராததால் மிச்சமெல்லாம் அரை நூற்றாண்டு முடங்கிக் கிடந்தது. ஸ்லை ஸ்டோன் பாடிய அன்று பாதுகாப்புக்கு நின்றவர்கள் கருஞ்சிறுத்தைக் கட்சித் தொண்டர்கள். ஆல்டமான்ட்டில் யார் நின்றார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 20, நிலவில் மனிதன் இறங்கிய நாளிலும் அங்கே கச்சேரி. அந்தப் பணத்தில் இங்கே ஏழைகளுக்குச் சோறு போட்டிருக்கலாம் என்று கூட்டத்தில் இருந்தவர்கள் காமிராவைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

குறை இல்லாத படமில்லை. நல்ல பாட்டு உச்சத்துக்குப் போகும் நேரத்தில் யாராவது வந்து விளக்கம் சொல்கிறார்கள். மஹாலியா ஜாக்சனும் மேவிஸ் ஸ்டேபிள்ஸும் ஒரே ஒலிவாங்கியில் பாடும்போதுகூட நம்மைத் தனியாக விடமாட்டேன் என்கிறார்கள். ஆனால் இயக்குநர் க்வெஸ்ட்லவ் ஒன்று செய்திருக்கிறார். அந்தப் பூங்காவுக்குச் சின்னப் பையனாகப் போன ஒருவரைக் கூப்பிட்டு, திரை முன்னால் உட்காரவைத்துப் பதிவைக் காட்டுகிறார். அவருக்குக் கண் நிறைகிறது. எல்லாம் நிஜமாகவே நடந்ததா, தன் மனம் கட்டிய கதையா என்று அத்தனை வருடமும் அவருக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. 1970இல் அந்த மாதிரி நாற்காலியில் ஜாகர் உட்கார்ந்திருந்தார். ஹண்டர் வீட்டுக்காரர் யாரையும் அந்த அறையில் நாம் பார்க்கவில்லை.