துருவாவைத் தவிர்த்து எழுதும் வரலாறு

இந்திய வீடியோ கேம் 2016இல் ஜியோவோடு பிறந்து பப்ஜியோடு வளர்ந்தது என்று இப்போது கருத்தரங்குதோறும் சொல்கிறார்கள். ஆடுகிறவர்களின் கதைக்கு அது பொருந்தலாம். ஆக்கியவர்களின் கதை அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்பே பெங்களூரில் தொடங்கிவிட்டது. 1997இல் ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் இல்லாத வரலாறு அரைகுறை வரலாறு.

முதல் கட்டம் பலரும் அறிந்தது. பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் 'மிஷன் இம்பாசிபிள்' விளையாட்டைக் கணினிக்கு மாற்றும் வேலையைத் தந்தது. அந்தப் பதிப்பு வெளிவரவே இல்லை. பிறகு கைப்பேசி விளையாட்டுகள். அவற்றில் சார்லி சாப்ளின் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமையைத் துருவா வாங்கியதை அமெரிக்கப் பத்திரிகையாளர் தாமஸ் ஃப்ரீட்மன் 2005இல் 'தி வேர்ல்ட் இஸ் ஃப்ளாட்' நூலில் வியந்து எழுதினார். அவர் வியந்தது சந்தையைப் பார்த்து. விளையாட்டு என்ற கலையைப் பார்த்து அல்ல.

என்னை ஈர்ப்பது அடுத்த கட்டம். வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்குத் துருவா கலைப்பணி செய்த காலம் அது. மைக்ரோசாஃப்ட்டின் ஃபோர்ஸா தொடரில் ஓடும் கார்களில் இவர்கள் உழைப்பு உண்டு. அத்தகைய காரை உருவாக்குவது லேசான காரியமில்லை. புகைப்படங்களையும் வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முகப்பு விளக்கின் கண்ணாடிக்குள் தெரியும் பிரதிபலிப்பான், இருக்கைத் தோலின் தையல், கதவிடுக்கு என ஒவ்வொன்றையும் வடிக்க வேண்டும். பிறகு அதே காரை, தொலைவில் தெரியும்போது கணினிக்குச் சுமையாகாதபடி, குறைந்த பலகோணங்களில் மறுபடி செய்ய வேண்டும். இதைக் கூலி வேலை என்று ஒதுக்குகிறவர்கள் கைத்திறனை அறியாதவர்கள்.

இல்லாதது திறமை அல்ல, பொறுமையான முதலீடு. சுமார் 320 பேரை வைத்து ஊரார் விளையாட்டுகளை மெருகேற்றிய நிறுவனத்தை 2017இல் சுவீடனின் விளையாட்டு நிறுவனமான ஸ்டார்பிரீஸ் வாங்கியது. 2018இல் ஸ்டார்பிரீஸின் 'வாக்கிங் டெட்' விளையாட்டு படுதோல்வி அடைய, நிதி நெருக்கடியைச் சமாளிக்க 2019 மே மாதத்தில் 79 லட்சம் டாலருக்குத் துருவா ராக்ஸ்டார் விளையாட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, ராக்ஸ்டார் இந்தியாவில் கரைந்தது. யாரோ எடுத்த பிழையான முடிவுக்கு இருபத்திரண்டு ஆண்டுப் பெயர் பலியானது.

துருவாவுக்குப் பிறகும் புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020இல் 'ராஜி' என்ற விளையாட்டைத் தந்தது. டொராண்டோவில் சிறு குழு ஒன்று தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து 2023இல் ஆக்கிய 'வெண்பா', மறு ஆண்டு பாஃப்டா விருது பெற்றது. நம் கதையை நாமே விளையாட்டாக்க முடியும் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம். கர்நாடகமோ 2012இலேயே இத்துறைக்கென்று கொள்கை வகுத்த முதல் மாநிலம். இருந்தும் 2024ஆம் ஆண்டுக் கொள்கையில் முன்னே நிற்பது 30,000 வேலைகள் என்ற இலக்குதான். அந்தக் கொள்கைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, லாபம் கேட்டு நெருக்காமல் மூன்று நான்கு ஆண்டு காத்திருக்கும் நிதியாக, சொந்தக் கதையோடு வரும் சிறு குழுக்களுக்குப் போக வேண்டும். துருவாவின் பழைய கைப்பேசி விளையாட்டுகளைத் தேடியெடுத்து, இன்றும் ஆடக்கூடிய வடிவில் காப்பதும் அரசின் செலவிலேயே நடக்கட்டும்.