பங்குச் சந்தையும் எழுவைதீவின் பஞ்சாங்கமும்

சந்தை அனைத்தும் அறியும் என்பது முதலாளித்துவப் பொருளியலின் நவீன வேதாந்தம். சிகாகோப் பேராசிரியர் யூஜின் ஃபாமா 1970இல் இதற்குத் தெளிவான உருவம் கொடுத்தார். கிடைக்கத்தக்க செய்தி யாவும் விலையிலே பிரதிபலித்துவிடும். ஆகவே பழைய விலைகளை ஆராய்ந்து எவரும் தொடர்ந்து மிகை இலாபம் ஈட்ட முடியாது என்பது அதன் சாரம்.

நாட்காட்டி இதனை மறுத்துச் சாட்சி சொன்னது. அமெரிக்கப் பங்குகளின் வருவாய் ஜனவரியில் ஏனைய மாதங்களை விஞ்சியதை 1976இல் ரோசெஃப், கின்னி என்னும் இருவர் காட்டினர். 1953 முதல் 1977 வரை திங்கட்கிழமைகளின் சராசரி வருவாய் நட்டமாகவே இருந்ததை 1980இல் கென்னத் பிரெஞ்ச் எடுத்துரைத்தார். சித்தாந்திகள் கலங்கவில்லை. வெளிப்பட்ட ஒழுங்கைப் பலரும் பயன்படுத்த முனைவர். ஜனவரிக்கு முன்னரே வாங்குவர். அதனால் அவ்வொழுங்கு தானே மறையும் என்றனர்.

இவ்விடையை நாம் எழுவைதீவிலே உரைத்துப் பார்ப்போம். ஊர்காவற்றுறைக்கு அப்பாலுள்ள அச்சிறு தீவின் மீனவருக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. சோளகம் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும், நிலாக் காலத்தில் மீன்பாடு எவ்வாறு மாறும் என்பதை அவர்கள் அறிவர். மீன் மலிந்தால் விலை விழும். கடல் கொந்தளித்தால் விலை ஏறும். தலைமுறை தலைமுறையாக அறிந்த இவ்வொழுங்கு ஏன் இன்னும் மறையவில்லை?

மலிவான நாளில் விற்காதிருக்கப் பனிக்கட்டி வேண்டும், குளிரறை வேண்டும், அதுவரை அடுப்பெரியக் கையிலே பணம் வேண்டும். முற்பணம் வாங்கியவருக்கோ விலை பேசும் உரிமையே குறுகிவிடுகிறது. மீன் அழுகும், பங்கு அழுகாது என ஒருவர் மறுக்கலாம். மெய்தான். ஆனால் அழுகாத கருவாட்டையும் வறியவர் நல்ல விலை வரும்வரை வைத்திருக்க இயலாது. பசி தவணை கொடுப்பதில்லை.

மூலதனம் போதாதபோது, பிழையான விலையை அறிந்தவரும் அதனைத் திருத்த முடியாது போகலாம் என 1997இல் ஷ்லைஃபர், விஷ்ணி என்னும் பொருளியலாளரே எழுதினர். அறிவு எங்கும் பரவியிருக்கலாம். காத்திருக்கும் வலிமையோ உடைமையுள்ளவரிடமே குவிந்திருக்கிறது. இதனைக் கேளாத சித்தாந்தம் அரை உண்மையே.

வகுப்பறையிலே சந்தையின் திறனைப் போதிக்கும் ஆசிரியர்கள், அருகிலுள்ள இறங்குதுறையையும் மாணவருக்குக் காட்டட்டும். குளிரறையும் கடனும் மீனவரின் கூட்டுறவுக்குச் சொந்தமாகும் நாளில், அவர்களது பஞ்சாங்க அறிவும் அவர்களுக்கே பயன்தரும்.