சோறு ஊட்டும் நாளும் கிண்ணத்தில் போடுவதும்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கைக்குழந்தைக்குத் தேவையானவை எல்லாம் ஒரே கூரைக்குள் கிடைக்கின்றன. மளிகைக் கடையில் கேழ்வரகு, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை. நாலு எட்டு நடந்தால் கீரை, கேரட், வாழைப்பழம். மீன் பகுதியில் நெத்திலி. இவற்றில் எதை, எந்த வயதில் பிள்ளைக்குக் கொடுப்பது? இலங்கைத் தமிழரும் நாமும் இதற்குச் சொல்லும் பதிலில் ஒற்றுமையும் உண்டு, வேற்றுமையும் உண்டு.

எப்போது தொடங்குவது என்பதில் இரு நாட்டு அரசுகளும் ஒன்றையே சொல்கின்றன: ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும். 2001-இல் உலக சுகாதாரப் பேரவை வகுத்த வழி இது. முந்தினால் வயிற்றுப்போக்கு வரலாம். பிந்தினால் சத்து போதாது. பிறக்கும்போது குழந்தையின் உடலில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து ஏறக்குறைய அந்த வயதில் தீர்ந்துவிடுகிறது.

முதல் சோறு ஊட்டும் சடங்கில்தான் கணக்கு தவறுகிறது. ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை மாதம், பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம் என்று நாள் குறிப்பது நம் பக்கத்து வழக்கம். மார்ச் 10 பிறந்த பெண் குழந்தைக்கு ஐந்தாம் மாதம் ஜூலை 10 அன்றே தொடங்கிவிடும்; அப்போது நிறைந்தது நான்கு மாதம்தான். ஏழாம் மாதப் பிறப்பான செப்டம்பர் 10-தான் சரியான நாள். ஆண் குழந்தையானால் ஆறாம் மாதத்தின் கடைசியில் நாள் பாருங்கள். சாத்திரமும் பிசகாது, பிள்ளைக்கும் கேடில்லை. யாழ்ப்பாணத்திலும் நல்ல நாள் பார்த்துத்தான் சோறு தீத்துகிறார்கள் (ஊட்டுகிறார்கள்); முதல் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை என்று தனியே ஒரு கொண்டாட்டமும் உண்டு.

பெரிய வேற்றுமை, தாய்க்குச் சொல்ல வீடு தேடி வருபவரில் இருக்கிறது. 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இலங்கை முழுவதும் பரவியது. இன்றும் அந்தந்தப் பகுதியின் மிட்வைஃப் கர்ப்ப காலத்திலிருந்தே வீட்டுக்கு வருகிறார். 2016 கணக்கெடுப்பில் அங்கே ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதம் பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். இந்தியாவில் 2019–21 கணக்கெடுப்பில் இது 64 சதவீதம். நம்மிடமும் அங்கன்வாடி உண்டு. 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களில் ஆஷா பணியாளர் வீட்டுக்கு வரும் திட்டமும் 2018-இல் வந்தது. அது ஒரு வீடு விடாமல் நடக்க வேண்டும்.

அடுத்தது கிண்ணம். நம் வீடுகளில் கேழ்வரகுப் பால், சத்துமாவுக் கஞ்சி என்று மாதக்கணக்கில் ஓடுகிறது. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து நிறைய உண்டு. ஆனால் தானியத்தில் உள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேராது. மீன், ஈரல், இறைச்சி கூடினால் சேரும். இலங்கையில் குழைத்த சோற்றோடு பருப்பும் கீரையும் சேர்ப்பார்கள். தொடங்கிய சில வாரங்களிலேயே மீனும் நெத்தலியும் சேர்ந்துவிடும். நம் கடற்கரை ஊரிலோ பல் முளைக்கட்டும், வயது ஒன்று ஆகட்டும் என்று மீனைத் தள்ளிப்போடும் வீடுகள் பல. இந்தியாவில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதிய உணவு பெறுபவர்கள் 11 சதவீதம் பேர்தான் என்கிறது அதே 2019–21 கணக்கெடுப்பு.

பச்சை நெத்திலியை உப்பில்லாமல் வேகவைத்து, தலையும் முள்ளும் நீக்கி, சோற்றோடு மசித்துக் கொடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதம் வேண்டும். நீர்த்த கஞ்சியில் வயிறு நிறையும், சத்து சேராது. முதலில் இரண்டு மூன்று கரண்டி, நாளுக்கு இரண்டு வேளை போதும். சைவ வீட்டார் பருப்பையும் கீரையையும் கூட்டி, இரும்புச்சத்து மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வயது வரை தேன் கூடாது. தாய்ப்பாலை இரண்டு வயது வரையும், அதற்குப் பிறகும் தொடரலாம்.

அடுத்த முறை பெரிய மார்க்கெட்டில் பிள்ளைக்குக் கேழ்வரகு வாங்கினால், மீன் பகுதிக்கும் போய்வாருங்கள்.