ஹேண்ட்பிரேக் நிற்காத ஜீப்

போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதையில் ஒரு செங்குத்தான திருப்பம். 'டொக்'கென்று ஒரே ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, ஃபர்ஸ்ட் கியர் விழுந்திருக்கிறது, கிளட்சையும் விட்டாயிற்று. வண்டி மட்டும் ஏறவில்லை. பின்னால் உருளத் தொடங்கியது. கால் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். காலை லேசாகத் தளர்த்தியதும் மறுபடி உருண்டது.

"அண்ணே, கியர்பாக்ஸ் போச்சுண்ணே" என்றான் கூட வந்த பையன்.

"கியர்பாக்ஸ் போயிருந்தா ஹேண்ட்பிரேக் நிக்கணும்டா. மொதல்ல எறங்கி நாலு சக்கரத்துக்கும் கல்லைப் போடு."

வண்டி சிஜே-3பி. வில்லிஸ் 1953-ல் அமெரிக்காவில் கொண்டுவந்து, பிறகு மஹிந்திரா இங்கே பல ஆண்டுகள் தயாரித்த, பானெட் உயர்ந்த அந்தப் பழைய ஜீப். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 80 அங்குலம்தான் என்பதால் எந்தக் குறுகிய திருப்பத்திலும் மடங்கித் திரும்பும். தோட்டத்துப் பாதைகளில் இதை இன்றும் நம்பி ஓட்டுகிறவர்களில் நானும் ஒருவன். நம்புவதற்குக் காரணம் பழைய நினைவுகள் அல்ல. எங்கே பழுது என்பதை டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்க முடிகிற வண்டி இது. அன்றைக்கு அது எனக்கு நேராகவே தெரிந்தது.

இந்த ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்வாயில், பிராப்பலர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன டிரம் இருக்கிறது, அதைத்தான் பிடிக்கிறது. ஸ்பீடாமீட்டருக்கான பல்லும் அதே இடத்திலிருந்துதான் சுற்றுகிறது. கிளட்சோ கியர்பாக்ஸோ போயிருந்தால் ஹேண்ட்பிரேக் வண்டியை நிறுத்தும், ஸ்பீடாமீட்டர் முள் அசையாது. எனக்கு நேர்மாறாக நடந்தது. பிரேக்கை மிதித்தபடி கியரில் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தேன். நின்ற வண்டியில் முள் எழுந்தது. அப்படியென்றால் எஞ்சினிலிருந்து டிரம் வரை எல்லாம் சரி. அறுபட்டது அதற்குப் பின்னால்.

அடுத்த சோதனைக்கு ஒரு லிவர் போதும். கியர் லிவருக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன லிவர்கள் இருக்கும். ஒன்று முன்சக்கரத்தை இணைக்க, மற்றது லோ ரேஞ்சுக்கு. கற்களைச் சற்றுத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, முன்சக்கர லிவரைப் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை விட்டேன். வண்டி அசையாமல் நின்றது! அந்த லிவர் முன்ஷாஃப்டையும் பின்ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதால், டிரம்மின் பிடி முன்சக்கரங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சந்தேகமே இல்லை, பின் ஆக்சில் பக்கம்தான்.

இனி கீழே பார்க்க வேண்டும். பையனை சீட்டில் உட்காரவைத்து, பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லி, ஹேண்ட்பிரேக்கையும் முன்சக்கர லிவரையும் எடுத்துவிட்டு ஐடிலில் கிளட்சை விடச் சொன்னேன். பக்கவாட்டில் தள்ளி நின்று குனிந்து பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது. பிராப்பலர் ஷாஃப்ட் சுற்றியது, கிராஸ் இரண்டும் சரி. கிரவுன், பினியன் பல் உடைந்திருந்தால் ஹவுசிங்கில் கரகரவென்று அரைக்கும். அந்தச் சத்தம் இல்லை. மிச்சம் இருப்பது ஆக்சில் ஷாஃப்ட் அல்லது ஹப்.

எந்தப் பக்கம்? ஒரு பக்கம் விட்டுப்போனால் டிஃபரன்ஷியல் மொத்தச் சுற்றையும் அந்தப் பக்கமே தள்ளிவிடும். நல்ல பக்கத்துச் சக்கரமும் இழுக்காது. ஹப் நடுவில் அப்பியிருந்த மண்ணைத் துடைத்து, நட்டிலிருந்து சக்கரத்தின் டிரம் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன், இரண்டு பக்கமும். மறுபடி கிளட்சை விடச் சொன்னேன். வலப்பக்கக் கோடு அப்படியே இருந்தது. இடப்பக்கம் நட்டும் காட்டர் பின்னும் மெதுவாகச் சுற்ற, டிரம் சும்மா நின்றது. நட்டைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள், மிளகாய்த்தூள் சிந்தியதுபோல. அந்தத் தூள் ஒரே நாளில் வருவதில்லை. ஹப் பல மாதமாக ஷாஃப்டின் மேல் உரசிக்கொண்டிருந்திருக்கிறது.

பக்கத்தைத் தெரிந்துகொள்வது முக்கியம். இந்த வண்டியில் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது. இடது ஷாஃப்டும் வலது ஷாஃப்டும் ஒரே நீளம் கிடையாது. ஸ்பேர் கடையில் பக்கத்தைச் சொல்லாமல் வாங்கினால் வீண் அலைச்சல்.

முன்சக்கரத்தை மட்டும் நம்பி, லோ ரேஞ்சில் இறங்கி வந்தோம். பட்டறையில் அந்த இடப்பக்கச் சக்கர டிரம்மைக் கழற்ற புல்லர்கூடத் தேவைப்படவில்லை. சாதாரணமாக புல்லர் போட்டுச் சுத்தியலால் தட்டினால்தான் அசையும், இது கையோடு வந்துவிட்டது. உள்ளே ஹப்பையும் ஷாஃப்டையும் பூட்டும் சாவி இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. ஹப் உட்காரும் ஷாஃப்டின் கூம்பில் சுற்றுக் கீறல்கள். பாரத்தைத் தாங்க வேண்டியது சாவி அல்ல, அந்தக் கூம்பின் பிடி. முன்பு பிரேக் ஷூ மாற்றியவர் நட்டைப் போதுமான அளவு முறுக்காமல் விட்டிருக்கிறார். பிடி தளர, பாரம் முழுவதும் சாவிக்குப் போயிருக்கிறது.

குறை சொல்ல வேண்டிய இடமும் இந்த வண்டியில் உண்டு. ஒரு சாவி அறுந்தால் இழுவையும் ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்தே போகின்றன. கியரில் போட்டு நிறுத்துவதும் அப்போது உதவாது, ஏனென்றால் அதுவும் அதே வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். மேட்டில் நிறுத்துகிறவர்கள் முன்சக்கர லிவரையும் போட்டு, கல்லும் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் வண்டியில் இதைத் தினசரிப் பழக்கமாக்குங்கள்.

ஷாஃப்ட், ஹப், சாவி மூன்றையும் புதிதாகப் போட்டேன். கூம்பை எண்ணெய் இல்லாமல் துடைத்து, நீண்ட பைப் கொடுத்து நட்டை முறுக்கினேன். காட்டர் பின்னுக்குத் துளை ஒத்துவராவிட்டால் நட்டை முன்னால்தான் தள்ள வேண்டும். பின்னால் ஒரு நூல்கூடத் தளர்த்தக் கூடாது. நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் பின்னை எடுத்துவிட்டு மறுபடி முறுக்கிப் பார்த்தேன். நட்டு இன்னும் ஒரு காடி தூரம் ஏறியது.