கட்டிக்கொடுக்காத மகள்கள்

ஜப்பானின் கிஃபு மாநிலத்தில், ஷிரகாவா கிராமத்தின் மிபோரோ பகுதியில் தொயாமா குடும்பத்தின் பழைய வீடு இருக்கிறது. 1827 வாக்கில் கட்டப்பட்டது. 1971இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டு, இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. கும்பிடும் கைகளைப் போல இருபுறமும் சரியும் புல்கூரை. பனி தங்காமல் இருக்கத்தான் அத்தனை செங்குத்தான சரிவு. கூரைச் சட்டங்களை ஆணி அடிக்காமல் கயிற்றாலும் இளங்கொம்புகளாலும் பிணைத்திருக்கிறார்கள்.

உள்ளே போகிற எல்லோரும் அந்தக் கட்டுமானத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறோம். நானும் பார்த்தேன். ஆனால் என்னை உறுத்தியது வேறொன்று. ஒரு காலத்தில் இதுபோன்ற ஒரே கூரையின்கீழ் முப்பது, நாற்பது பேர் வாழ்ந்திருக்கிறார்கள். கூட்டுக் குடும்பம் என்றாலே உருகிவிடுகிற நாம், அது எப்படிச் சாத்தியமானது என்று கேட்பதில்லை.

இந்தப் பகுதியில் குடும்பத்தின் வாரிசான மூத்த மகன் மட்டுமே முறைப்படி மணம்செய்து மனைவியை அழைத்துவருவான். மற்றவர்களுக்கு அது கிடையாது. ஆண் இரவில் பெண்ணின் வீட்டுக்குப் போவான்; விடிந்தால் தன் வீட்டு வேலைக்குத் திரும்பிவிடுவான். பிறக்கும் பிள்ளை தாயோடு, தாய் பிறந்த வீட்டிலேயே வளரும்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, “நல்லதுதானே மேடம், புகுந்த வீடே இல்லையே” என்றாள். அவள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பிறந்த மண்ணை விட்டுப் போக வேண்டியதில்லை. பிள்ளையை அவளிடமிருந்து யாரும் பிரிக்க முடியாது. எனக்கும் முதலில் இரவுக்குறிதான் நினைவுக்கு வந்தது. பிறகு தாய்வழிச் சமூகம்.

இரண்டுமே அவசர வாசிப்புகள். அகமரபில் களவு கற்பை நோக்கிப் போகும். இங்கே ஆயுள் முழுக்க அந்த இரவு வருகைதான். தாய்வழி என்றால் உரிமையும் தாயின் வழியே இறங்க வேண்டும். இங்கே வீடும் நிலமும் மூத்த மகனுக்கே.

அப்படியானால் மகளை ஏன் அனுப்பவில்லை? மலைக்கிராமத்தில் பங்கிட்டுக் கொடுக்க நிலம் இல்லை. வீட்டின் மேல்தளங்களிலோ பட்டுப்புழு வளர்ப்பு. மல்பெரி இலை பறிக்க, நேரம் தவறாமல் தீனி போட, கழிவு அள்ள, கூட்டிலிருந்து நூல் எடுக்கக் கைகள் வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்தால் இரண்டு கைகள் குறையும். வைத்துக்கொண்டால் அவள் பெறும் பிள்ளைகளின் கைகளும் அண்ணன் வீட்டோடு சேரும். புழுவின் கழிவைக்கூட அந்த ஊரில் வீணாக்கவில்லை. மண்ணும் தழையும் சேர்த்துத் தரைக்கடியில் மக்கவைத்து வெடியுப்பு எடுத்தார்கள். எதையும் வெளியே விடாத பொருளாதாரம் மகளை மட்டும் விட்டுவிடுமா?

இந்த மலைநாட்டுப் பெண்களைப் பற்றி எழுதியவரும் ஒரு பெண்தான். எமா மியெகோவின் ‘ஹிடாவின் பெண்கள்’ 1942இல் வந்தது. ‘ஷிரகாவா கிராமத்தின் பெருங்குடும்பம்’ அடுத்த ஆண்டில். வீட்டைக் கட்டிடமாக மட்டும் பார்க்காத கண்கள் அப்போதே இருந்தன.

ஜப்பானியப் பண்ணை வீடுகளில் ‘இரோரி’ எனும் தரையடுப்பைச் சுற்றி யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்குப் பொதுவாக ஒரு முறை உண்டு. தலைவனுக்கு ஓர் இடம், அவன் மனைவிக்கு ஓர் இடம், விருந்தாளிக்கு ஓர் இடம். விறகு தள்ளும் கடைசிப் பக்கம் ‘கிஜிரி’. மருமகளுக்கும் வேலையாட்களுக்கும் உரியது. அந்த அடுப்பின் புகைதான் கூரைப் புல்லைப் பூச்சி அரிக்காமல் காக்கிறது.

நான் அந்தக் கடைசிப் பக்கத்தில் சற்று நேரம் நின்றேன். புகுந்த வீட்டில் மட்டும்தான் சுரண்டல் என்று நாம் பழகிவிட்டோம். இந்த வீட்டுப் பெண்கள் பிறந்த வீட்டிலேயே வேலையாட்களாக இருந்தார்கள். “எங்கே வாழ்ந்தாள்” என்பதோடு நம் கேள்வி முடியக் கூடாது. அவள் உழைப்பு யார் கணக்கில் சேர்ந்தது என்பதையும் அந்த மாணவியிடம் கேட்க வேண்டும். அவள் கேட்பாள் என்று நினைக்கிறேன்.