காயும் காசும் எழுத்தாகும்போது

1923இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஹெண்ட்ரிக் வெர்க்மன் என்ற அச்சுக்காரரின் தொழில் நொடித்தது. இருந்த அச்சகத்தை விட்டுக் கிடங்கு ஒன்றின் மேல்மாடிக்குப் போனார். அங்கே கதவுப் பூட்டின் உலோகத் தகட்டுக்கு மை தடவி, எழுத்துகளோடு சேர்த்து அச்சடித்தார். 1926 வரை ஒன்பது இதழ்கள் வந்த அவருடைய ‘த நெக்ஸ்ட் கால்’ சிற்றிதழ் அப்படித்தான் தொடங்கியது. பெரிய மர எழுத்துகளை அடுக்கினார்; மை உருளையை நேரே தாளில் ஓட்டினார். ஓரிடத்தில் மை அப்பும், ஓரிடத்தில் வெளிறும். மற்ற அச்சகங்கள் கழித்துப்போடும் தாள், அவருக்குப் படைப்பு.

வெர்க்மனின் தாளில் தகடும் மையும் எழுத்தோடு ஒன்றாயின; இன்றோ காப்பிக்கொட்டையைப் பரப்பி எழுத்தாக்கும் விளம்பரங்களை நிறையப் பார்க்கிறோம். கொட்டையை எடுத்துவிட்டுப் பொத்தானை வைத்தாலும் எழுத்துக்கு ஒன்றும் ஆகாது. அது அலங்காரம். பொருளை மாற்றினால் எழுத்தே குலையுமா என்பதுதான் உரைகல்.

ஓலை இதில் தேறும். புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று நம் ஏடெழுதிகள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே விட்டார்கள். க-வா, க்-கா என்பதைப் படிப்பவர்தான் இடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வரிவடிவத்தில் எழுத்தாணிக்கு இருந்த பங்கு ஓலைக்கும் இருந்தது.

ஆஸ்திரியாவில் பிறந்து நியூயார்க்கில் தொழில் செய்யும் ஸ்டெஃபான் சாக்மைஸ்டர் பொருளின் இந்தப் பங்கை வாழையில் சோதித்தார். 2008இல் டைச் ப்ராஜெக்ட்ஸ் கலைக்கூடத்தின் சுவரில் சுமார் 10,000 வாழை. பின்னணி முழுக்க மஞ்சள் பழம். எழுத்து மட்டும் பச்சைக் காய். தன்னம்பிக்கை நல்ல பலன் தரும் என்பது வாசகத்தின் பொருள். சில நாளில் காயும் பழுத்தது. சுவர் முழுக்க ஒரே மஞ்சள், வாசகத்தைக் காணோம். பிறகு பின்னணிப் பழம் கருக்கத் தொடங்க, எழுத்து மஞ்சளாகத் திரும்ப வந்தது. தன்னம்பிக்கை இருக்கும், போகும், வரும் என்பதை வாசகம் சொல்லவில்லை; வாழை சொன்னது.

அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் அவருடைய இன்னொரு வாசகம்; எழுத்துக்கு 2,50,000 யூரோ சென்ட் காசுகள். தேய்மானத்துக்கும் பளபளப்புக்கும் ஏற்ப நான்கு நிறமாகப் பிரித்து, நூற்றுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் எட்டு நாள் குனிந்து தரையில் அடுக்கினார்கள். காவல் போடவில்லை, வருகிறவர் என்ன செய்கிறாரோ அதுவும் படைப்பில் சேர்த்தி என்பது ஏற்பாடு. ஒரு நாள்கூட ஆகவில்லை. யாரோ காசை அள்ளுவதாகத் தகவல் வந்ததும், போலீஸார் வந்து, திருட்டிலிருந்து காப்பதாக எண்ணி, மிச்சத்தையும் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போனார்கள்.

அள்ளியவருக்கும் சரி, காக்க வந்தவருக்கும் சரி, தரையில் கிடந்தது காசு. பொத்தானில் எழுதியிருந்தால் ஒருவேளை நின்று படித்திருப்பார்கள்.