சறுக்கியவரும் சுமந்தவர்களும்

பனி என்றால் எனக்கு மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் நிற்கும் துளிதான். மலை உயரத்துக்குக் குவிந்து கிடக்கும் உறைபனியில் நான் கால் வைத்தது கிடையாது. ஸ்கீ என்கிற நீண்ட சறுக்குப் பலகைகளைக் கையால் தொட்டதும் கிடையாது. அப்படிப்பட்டவன் பனிச்சறுக்கைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் எடைபோட வந்தது சறுக்கலை அல்ல. அதைச் சொன்ன விதத்தை. சாகசத்தைச் சொல்வதும் கதை சொல்வதுதான். கதை சொல்கிறவனிடம், "யாரைச் சொன்னாய், யாரை விட்டாய்?" என்று கேட்கும் உரிமை பனியைக் காணாத வாசகனுக்கும் உண்டு.

'எவரெஸ்டில் சறுக்கி இறங்கிய மனிதன்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் 1975-ல் கானடாவில் ஒரு டாக்குமெண்டரிப் படம் வெளிவந்தது. அந்த ஆண்டின் சிறந்த டாக்குமெண்டரி என்று ஆஸ்கார் பரிசும் பெற்றது. அதன் நாயகர் ஜப்பானியரான யூயிச்சிரோ மியூரா. பனிச்சறுக்கையே வாழ்க்கையாக்கிக் கொண்ட குடும்பம் அது. தகப்பனார் கெய்சோ மியூரா தமது 99-ஆவது வயதில் மோன் பிளாங்க் மலையின் பனிப்பள்ளத்தாக்கில் சறுக்கியவர் என்றால் மேற்கொண்டு சொல்ல என்ன இருக்கிறது! மகனும் சளைத்தவர் அல்ல. 1964-ல் இத்தாலியில் மணிக்கு 172 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கிச் சாதனை செய்தார். 1966-ல் பாராசூட்டையே பிரேக்காக முதுகில் கட்டிக்கொண்டு பூஜி மலையிலிருந்து இறங்கினார். அதற்கு மேல் எஞ்சியிருந்தது எவரெஸ்ட் ஒன்றுதான்.

1970 மே 6-ஆம் தேதி அதையும் செய்தார். சிகரத்தின் உச்சியிலிருந்து அல்ல. சுமார் 8,000 மீட்டர் உயரத்தில் உள்ள தெற்குக் கணவாயிலிருந்து. (எவரெஸ்டின் உச்சியிலிருந்தே அடிவாரக் கூடாரம் வரையில் பலகையைக் கழற்றாமல் ஒருவர் சறுக்கி வந்தது 2000-ல்தான், அவர் ஸ்லோவேனியாக்காரரான டாவோ கார்னிச்சார்.) மியூராவின் சறுக்கல் இரண்டு நிமிஷம் இருபது வினாடி. பாராசூட் விரிந்தது, ஆனால் மெல்லிய காற்றில், அதுவும் திசை மாறி மாறி அடித்த காற்றில், அது நம்பியபடி உதவவில்லை. கடைசியில் விழுந்தார். விழுந்தவர் ஏறக்குறைய 400 மீட்டர் உருண்டு போனார். வாய் பிளந்து கிடந்த பனிப்பிளவுக்குச் சுமார் 76 மீட்டர் முன்னால் வந்து நின்றார்.

அந்தக் காட்சியை நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்த்தேன். அவ்வளவு பெரிய வெள்ளைச் சுவரில் மனிதன் ஒரு புள்ளி. புள்ளி நகர்கிறது, தடுமாறுகிறது, உருள்கிறது. நடிப்பு, வசனம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்தச் சில நிமிஷங்களுக்காக இந்தப் படத்தை யாரும் பார்க்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஊர்வலம் இருந்தது. 27 டன் சாமான்களைச் சுமார் 800 கூலிகள் முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். ஏப்ரல் 5-ஆம் தேதி, கும்பு பனியருவி என்று பெயர் பெற்ற அபாயமான பகுதியில் பனிப்பாளம் சரிந்து, அந்தக் குழுவைச் சேர்ந்த ஆறு ஷெர்ப்பாக்கள் செத்துப் போனார்கள். அவர்கள் சறுக்க வந்தவர்கள் அல்ல. சறுக்க வந்தவருக்காகச் சுமந்தவர்கள்.

படம் இதை மறைக்கவில்லை. அதற்காக அதைப் பாராட்டத்தான் வேண்டும். மேலே போகலாமா, திரும்பிவிடலாமா என்ற கலக்கமும் படத்தில் இருக்கிறது. ஆனால் படம் முழுவதும் நம் காதில் விழுவது மியூராவின் டைரியை ஒட்டி அமைந்த ஒரு கம்பீரமான குரல். அந்தக் குரலில் வாழ்வு, சாவு, மலை, மனம் எல்லாம் ஒரே ஸ்தாயியில் தத்துவமாகி விடுகின்றன. ஆறு பேரின் சாவு நாயகருடைய மனப்போராட்டத்தில் ஓர் அத்தியாயமாக மாறிவிடுகிறது. படம் முடிந்து வெகு நேரம் யோசித்துப் பார்த்தேன். அந்த ஆறு பேரில் ஒருவர் முகம்கூட என் நினைவுக்கு வரவில்லை. மியூராவின் பாராசூட் என்ன நிறம் என்று கேட்டால் சொல்லிவிடுவேன் போலிருந்தது. இது என் ஞாபகத்தின் குறையாகவும் இருக்கலாம். முழுக்க என் குறைதான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"நாயகனைப் பற்றிய படத்தில் நாயகனைத்தானே காட்டுவார்கள்?" என்று கேட்டார் ஒரு நண்பர். இதற்குப் பதிலாக ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்ற கதையை 1893 டிசம்பரில் வெளியிட்டு வாசகர்களின் கோபத்துக்கு ஆளான கானன் டாயில், க்ஷயரோகத்தால் அவதிப்பட்ட மனைவியுடன் ஸ்விட்ஸர்லாந்தில் டாவோஸ் என்ற ஊரில் தங்கியிருந்தார். 1894 மார்ச் 23-ஆம் தேதி அங்கிருந்து மலைக் கணவாய் ஒன்றைக் கடந்து அரோஸா என்ற ஊருக்கு ஸ்கீயிலேயே போய்ச் சேர்ந்தார். கூடச் சென்றவர்கள் உள்ளூர்ச் சகோதரர்களான பிராங்கர் இருவர். அதே ஆண்டு டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் அந்தப் பிரயாணத்தைக் கட்டுரையாக எழுதினார்.

அதில் வீரர் யார் தெரியுமா? பிராங்கர் சகோதரர்கள்தான். அவர்கள் முன்னே போகிறார்கள், வழி காட்டுகிறார்கள். உலகப் புகழ் பெற்ற ஆசிரியர் விழுகிறார், எழுகிறார், மறுபடி விழுகிறார். செங்குத்தான ஓர் இடத்தில் பலகைகள் அவரை விட்டுவிட்டு ஓடிப்போக, உட்கார்ந்தபடியே கீழே சரிகிறார். கிழியாத துணி என்று கொடுத்த தையற்காரர் அந்தச் சரிவில் வந்து பார்க்கட்டும் என்கிற தோரணையில் கேலியும் செய்கிறார். ஓட்டல் பதிவுப் புத்தகத்தில் டோபியாஸ் பிராங்கர் அவருக்கு 'விளையாட்டு வீரர்' என்று தொழில் எழுதிக் கொடுத்ததில் அவருக்கு ஒரே பெருமை. கட்டுரையைப் படித்து முடிக்கும்போது மூன்று பேர் மலையைக் கடந்ததை நாம் பார்த்திருக்கிறோம், ஒருவரை அல்ல.

இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல என்று எனக்கும் தெரியும். அரோஸாவில் யாரும் சாகவில்லை, சிரிப்பது சுலபம். ஆனால் நான் கேட்பது சிரிப்பை அல்ல, கணக்கை. பாரம் சுமந்தவனுக்குப் பெயரும் முகமும் கொடுத்துவிட்டால் நாயகன் குறைந்துவிடுவதில்லை. அவன் எடுத்த முடிவின் கனம் நமக்கு அப்போதுதான் புரிகிறது. ஆறு பேர் இறந்த பிறகும் மேலே ஏறியவர் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்பதை உணர, அந்த ஆறு பேரும் நமக்கு முன்பே தெரிந்தவர்களாக இருந்திருக்க வேண்டாமா? படத்தை எடுத்தவர்கள் கோட்டைவிட்ட இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

மியூராவின் கதை அந்தப் படத்தோடு முடியவில்லை. 2003-ல் 70 வயதில் எவரெஸ்டின் உச்சியை அடைந்தார். 75-ல் மறுபடியும் அடைந்தார். 2009-ல் சறுக்கும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இருதயத்திலும் பலமுறை சிகிச்சை. அப்படியும் 2013-ல் 80 வயதில் மூன்றாவது முறையாக உச்சியில் நின்றார். பிறகு கழுத்தருகே தண்டுவடத்தில் ஏற்பட்ட கோளாறினால் நடப்பதே கஷ்டமாயிற்று.

2023 ஆகஸ்டில், 90 வயதில், அவர் பூஜி மலையின் உச்சிக்குப் போனார். மலையேற்றத்துக்கென்று அமைத்த சக்கர நாற்காலியில் அவரை உட்காரவைத்து மகனும் நண்பர்களும் மேலே கொண்டு சென்றார்கள். 1966-ல் பாராசூட்டைக் கட்டிக்கொண்டு தன்னந்தனியாகப் பாய்ந்து இறங்கிய அதே மலை!

அந்த ஏற்றத்தைப் படமாக எடுக்க யாராவது முன்வந்தால் ஒன்று நிச்சயம். நாயகரைச் சுமந்த கைகளைக் காட்டாமல் அந்தக் கதையைச் சொல்லவே முடியாது. 1970-லும் அவ்விதமேதான் இருந்தது.